ஆசிட் செக்ஷன் தாடைகளும் நானும்

ஃபேக்டரியில் நர்ஸ் வேலை என்றால் வெட்டுக்காயம், தீக்காயம், மயக்கம் என்று நினைத்துத்தான் எல்லாரும் சேருகிறோம். வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, பாதி நாள் ஆம்பளைங்க சவரம் செய்த லட்சணத்தைப் பார்ப்பதிலேயே போய்விடும் என்று.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் முதலுதவி அறையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். தினமும் பொன்னேரியில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஸ்டாஃப் வேனில் எட்டரை மணிக்கு ஆபீஸ் பக்கத்து முன் கேட் வழியாக உள்ளே வருவேன். ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, கடகடவென்று சத்தம் போடும் ஒரு ஃபேன், நான். எல்லாருக்கும் நான் சிஸ்டர். என் பெயர் தெரிந்தவர்கள் கம்பெனியில் நாலு பேர் இருந்தால் அதிகம்.

போன வருஷம் ஒரு ரூல் வந்தது. ஆசிட் செக்ஷனில் இருப்பவர்கள் மூக்கையும் வாயையும் மூடி ரப்பர் மாஸ்க் போட வேண்டும். தாடி இருந்தால் ரப்பர் தோலோடு ஒட்டாது, இடுக்கு வழியாக ஆவி உள்ளே போய்விடும். அதனால் அந்த செக்ஷனில் யாருக்கும் தாடி கூடாது, தினமும் சவரம் செய்துவிட்டுத்தான் வேலைக்கு வர வேண்டும் என்றார்கள். ரூலில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். நுரையீரலுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது. ஆனால் ரூல் போட்டவர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து என் அறை வாசலில் கன்னம் எரியுது, கழுத்து எரியுது, கொப்பளம் வந்துருச்சு என்று தினமும் ஒரு வரிசை. என்னைப் போல வேறு ஃபேக்டரிகளில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வரிசையில் கடைசியில் எப்போதும் தேவராஜ் அண்ணா நிற்பார். நாற்பத்தெட்டு வயது, பதினாலு வருஷ சர்வீஸ், ஆசிட் டேங்க் ஆபரேட்டர். சுருட்டை முடி. சுருட்டைத் தாடிக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒட்ட வழித்தால், வெட்டின முடி நேராக வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பக் குத்தும். அவர் கழுத்து முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கட்டி, சிலதில் சீழ். கூடிய சீக்கிரம் எல்லாருக்கும் மாஸ்க் டெஸ்ட் வைக்கப் போகிறார்கள், அதில் பெயிலானால் ஆசிட் செக்ஷனில் இடம் கிடையாது, மூட்டை ஏற்றும் யார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. அவர் முதுகில் டிஸ்க் விலகிய ஆள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவளே நான்தான். யார்டில் ஐம்பது கிலோ மூட்டை. அங்கே போனால் ரெண்டு நாளில் படுத்துவிடுவார், அப்புறம் வேலைக்கே வர முடியாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்தை நீட்டி அவர் சொன்னது ஒன்றுதான்: "எப்டியாவது இந்த மூஞ்ச மட்டும் சரி பண்ணி உடுங்க சிஸ்டர், மீதிய நான் பாத்துக்கிறேன்."

கயிற்றில் தொங்கிய கல்

ரூல் வந்த முதல் வாரத்திலேயே மூன்று பேர் ஒரே மாதிரிச் சீழ்க்கட்டியோடு வந்தார்கள். எங்கே சவரம் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பின் கேட்டாண்ட இருக்கும் குழாயில் என்றார்கள். ஏன், வீட்டில் தண்ணீர் வரவில்லையா என்றால், மொத ரயில புடிக்கணும்ல என்று ஒருத்தன் சொன்னான், மற்ற ரெண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். சரி, ஆறு மணி ஷிஃப்டுக்கு வருகிறவர்கள், என்ன செய்வார்கள் என்று விட்டுவிட்டேன். சவரம் முடிந்ததும் என்ன போடுகிறீர்கள் என்றேன். படிகாரம் என்றார்கள். யாருடையது? அங்கேதான் கதை வெளியே வந்தது. குழாயில் ஒரே ஒரு படிகாரக் கல்லைக் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஷிஃப்டே ரத்தக் கன்னத்தில் அதைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வருகிறது.

கட்டித் தொங்கவிட்ட தர்மவான் நரசிம்மலு, பின் கேட் செக்யூரிட்டி. ஆரம்பாக்கம் பக்கம் ஊர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். திங்கட்கிழமை தவறாமல் கேட் முதலுதவிப் பெட்டிக்கு என்று சீட்டோடு என் அறைக்கு வந்து, நான் கையெழுத்துப் போட்ட பஞ்சு ஒரு ரோல் வாங்கிப் போவார். அன்றும் வந்தார். பிடித்துக்கொண்டேன். ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் தோலில் ஏறுகிறதே, நாளைக்கு மஞ்சள் காமாலை அது இது என்று வந்தால் யார் பதில் சொல்வது, அந்தக் கல்லை இப்போதே தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று கத்தினேன். பஞ்சு ரோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனிதர் நிதானமாகச் சொன்னார்: "அதெல்லாம் ரூல் வச்சிக்கிறேம்மா. பிளேடு அவனவனுது, கல்லு மட்டும்தான் பொது."

கை கழுவுகிற பேஸ்ட்

ஆசிட் பம்ப் ரிப்பேர் பார்க்கும் சுரேஷ் ஒரு நாள் வந்தான். மூஞ்சியை யாரோ சிமென்ட் தரையில் தேய்த்த மாதிரி இருந்தது. இன்னாப்பா இது, யாரோடயாவது சண்டையா என்றேன். சவரம் செய்தேன் என்றான். சோப்பு தீர்ந்துபோச்சாம். அதனால் மெயின்டனன்ஸ் ரூமில் கையில் ஒட்டின கிரீஸைப் போக்க ஒரு பேஸ்ட் வைத்திருப்பார்கள் அல்லவா, நறநறவென்று மணல் கலந்த மாதிரி இருக்குமே, அதை எடுத்துக் கன்னம் முழுக்க அப்பிக்கொண்டு வழித்திருக்கிறான்.

பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு, வாசனை இல்லாத களிம்பைத் தடவி, பொறுமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். சோப்பு நுரை முடியை எடுப்பதற்காக இல்லை, முடியை ஊறவைத்து மெத்தென்று ஆக்குவதற்கும், பிளேடு வழுக்கிக்கொண்டு போவதற்கும். இதில் இருப்பது மணல், தோலைச் சுரண்டிவிடும், அதற்கு மேலே பிளேடு வேறு என்று. அவனும் நல்ல பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினான். கதவு வரைக்கும் போனவன் திரும்பி நின்று கேட்டான்: "கையில கீற கிரீஸையே எடுக்குது, தாடிய எடுக்காதா சிஸ்டர்?"

எரிந்தால்தான் மருந்து

இந்த ஆம்பளைகளிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை யார் விதைத்தார்கள் என்று தெரிந்தால் நேரில் போய்ச் சண்டை போடுவேன். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். சவரம் முடிந்ததும் வாசனை லோஷன், அது இல்லாவிட்டால் எலுமிச்சம்பழம். குமார் என்று ஆசிட் செக்ஷன் பாய்லர் பக்கம் ஒருத்தன். அவன் கேட்டில் கை கழுவ வைத்திருக்கும் சானிடைசரை உள்ளங்கையில் பிடித்துக் கன்னத்தில் அறைந்துகொள்வானாம். தோல் வெள்ளையாக உரிந்து வந்திருந்தது. தோலில் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல், அதில் ஸ்பிரிட்டை ஊற்றினால் எரியாமல் குளுகுளுவென்று இருக்குமா என்று திட்டினேன். கற்றாழைச் சாறு கலந்த சாதாரணக் கிரீம் ஒன்றைக் கொடுத்து, இதை மட்டும் போடு என்று அனுப்பினேன். மறுநாளே ட்யூபைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான்: "ஜில்லுனு கீது சிஸ்டர், கொஞ்சம்கூட எரியல. பழைய ஸ்டாக்கா?"

சார்ட் பேப்பர்

பொறுக்க முடியாமல் ஒரு நாள் மெனக்கெட்டு சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை நனைத்து ரெண்டு நிமிஷம் ஊறவிடு. முடி எந்தப் பக்கம் வளருதோ அந்தப் பக்கமே இழு, எதிர்ப்பக்கம் இழுக்காதே. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாதே. தோலை இழுத்துப் பிடிக்காதே. மழுங்கின பிளேடைத் தூக்கிப் போடு. முடிந்ததும் பச்சைத் தண்ணீர், துண்டால் தேய்க்காமல் ஒத்தி எடு. கட்டி இருந்தால் நகத்தால் நோண்டாதே.

ஒட்டியதோடு விட்டேனா, வந்த எட்டுப் பேரையும் நிற்க வைத்து, முடி எந்தப் பக்கம் வளருது என்று தடவிப் பார்க்கச் சொன்னேன். கன்னத்தில் கீழ்நோக்கி வளரும், ஆனால் கழுத்தில் பாதிப் பேருக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும், அவரவர் கழுத்தை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தடவினார்கள். சானிடைசர் குமார்தான் முதலில் கண்ணைத் திறந்தான்: "எந்த தெசைல வளருதுன்னு பாத்து செரைக்கணும்னா, தாடிக்கும் வாஸ்து பாக்க சொல்றீங்களா சிஸ்டர்?"

அதோடு போச்சு என் சார்ட். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே எட்டுக் கழுத்து, அதே சிவப்பு. ஒரே தடவைதானே இழுக்கச் சொன்னேன் என்று சுரேஷைக் கேட்டேன். ஒரு தடவை பத்தாது சிஸ்டர் என்றான். எதற்குப் பத்தாது, மாஸ்க்குக்கு அது போதுமே என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். களிம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பார்வையை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

மொட்டை

நடுவில் இது வேறு. ரவி என்று ஒரு ஆபரேட்டர், குடும்பத்தோடு திருப்பதி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். மறுநாள் காலையில் மண்டை முழுக்கச் சந்தனம், அதற்கு மேலே ஹெல்மெட், அதற்குள்ளே வேர்வை. மத்தியானம் என் அறைக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். நெற்றியைச் சுற்றி ஹெல்மெட் பட்டை இருந்த இடத்தில் பட்டை மாதிரியே சிவந்த வளையம், சந்தனம் காய்ந்து வெடித்துச் சின்னச் சின்ன வெட்டுக்காயம் எல்லாம் எரிகிறது. ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். புதுசாக வழித்த தோலில் பிளாஸ்டிக் உரசினால் இப்படித்தான் ஆகும்.

கழுவி, ஒத்தி, மெல்லிய பருத்தித் துணியில் தொப்பி மாதிரி ஒன்று கட்டி, இதற்கு மேலே ஹெல்மெட் போடு என்றேன். சேஃப்டி ஆபீசர் கார்த்திக் சாரிடம் போய் இந்தத் துணிக்கு அனுமதி வாங்கவே எனக்கு அரைமணி நேரம் ஆனது. முப்பது வயசுப் பையன், நல்லவர்தான், ஆனால் எதையும் எழுத்தில் கொடுங்கள் சிஸ்டர் என்பார். எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்த எரிச்சலில், ஏம்பா, மொட்டை போட்டவன் ரெண்டு நாள் லீவு எடுத்துக்கிட்டு வரக்கூடாதா என்று ரவி மேல் பாய்ந்தேன். பாவமாகப் பார்த்தான்: "லீவு எடுத்துதான் சிஸ்டர் மொட்டையே போட்டேன்."

தித்திப்பு

கடைசியில் மாஸ்க் டெஸ்ட் வந்தே விட்டது. டெஸ்ட் என் அறையில்தான். தலையிலிருந்து தோள் வரைக்கும் ஒரு துணி உறை, முன்னால் பார்க்க பிளாஸ்டிக், அதில் ஒரு ஓட்டை. மாஸ்க் போட்டவர் தலையில் அந்த உறையை மாட்டிவிட்டு, ஓட்டை வழியாகத் தித்திப்புத் தண்ணீரைப் புகை மாதிரி அடிப்பேன். மாஸ்க் தோலோடு ஒட்டியிருந்தால் நாக்கில் ஒன்றும் தெரியாது. இடுக்கு இருந்தால் தித்திக்கும். தித்தித்தால் பெயில். கார்த்திக் சார் பக்கத்தில் பேப்பரோடு நிற்பார்.

தேவராஜ் அண்ணா அன்றைக்குத்தான் ரெண்டு நாள் லீவு முடிந்து வந்திருந்தார். கேட்டில் யார் யாரையோ கெஞ்சி நேராக என் அறைக்கு வந்தாராம். ரெண்டு நாள் தாடி அப்படியே இருந்தது. கழுத்துக் கட்டியின் மேல் பிளேடு வைக்க முடியவில்லை என்றார். உறையை மாட்டி அடித்தேன். தித்திக்குதா அண்ணா? இல்ல சிஸ்டர் என்றார். இன்னும் அடித்தேன். இல்ல சிஸ்டர். கார்த்திக் சார் பாஸ் என்று எழுதப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு தாடியோடு மாஸ்க் ஒட்டுவது நடக்காத காரியம். பொய் சொன்னால் இன்றைக்கு யார்டுக்குப் போகாமல் தப்பிக்கலாம், ஆனால் நாளைக்கு டேங்க் பக்கத்தில் ஆவி வந்தால் அது இவர் நுரையீரலுக்குள் போகும். டெஸ்ட் பெட்டியில் கசப்பு பாட்டிலும் ஒன்று உண்டு, நாக்கில் பட்டால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். சத்தமில்லாமல் அதை மாட்டி ஒரே ஒரு அழுத்து அழுத்தினேன்.

உள்ளே மனிதருக்குக் கண் ரெண்டும் இடுங்கிப் போச்சு. தோள் குலுங்கியது. இருமலை அடக்கிக்கொண்டு அப்போதும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணா, கடைசித் தடவை கேக்கறேன், தித்திக்குதா என்றேன். பிறகு மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது: "தித்திக்கல சிஸ்டர். கசக்குது."

பத்து நாள்

கார்த்திக் சார் கல்நெஞ்சக்காரர் இல்லை. பத்து நாள் டைம் கொடுத்தார். அதுவரைக்கும் மாஸ்க் தேவைப்படாத கன்ட்ரோல் ரூமில் உட்காரட்டும், பத்தாம் நாள் மறுபடி டெஸ்ட், அதிலும் பெயில் என்றால் யார்டுதான், என் கையில் ஒன்றும் இல்லை என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். தோலுக்கு ஓய்வு கொடுத்தாலே பாதி சரியாகிவிடும். அஞ்சு நாள் பிளேடையே தொடாதீங்க அண்ணா, அப்புறம் நான் சொல்கிற மாதிரி வழிங்க, கட்டி மேலே காலையும் மாலையும் ஈரத்துணியை வெதுவெதுப்பாக வைத்து எடுங்க என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் வந்தார். சுத்தமாக வழித்திருந்தார். கழுத்தில் ரத்தம். அதற்கு மறுநாளும் அதேதான். நாலாம் நாள் எனக்கு வந்த கோபத்தில் களிம்பு டப்பாவை மேஜை மேல் ஓங்கி வைத்தேன். நான் யாருக்காக இவ்வளவு பாடுபடுகிறேன், உங்களுக்கே உங்கள் முதுகு மேல் அக்கறை இல்லையா, மூட்டை தூக்கத்தான் ஆசையா, தொடாதே என்று சொன்ன பிறகும் தினமும் செரைத்துக்கொண்டு வந்து நின்றால் நான் என்ன மந்திரமா போட முடியும் என்று கேட்கக் கூடாத வார்த்தை எல்லாம் கேட்டுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் இருந்து எழுந்து, சட்டைக் காலரை ரத்தம் படாமல் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "உங்களுக்கு தெரியாததா சிஸ்டர்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அதற்கும் கோபப்பட்டேன்.

பின் கேட்

அன்று முழுக்க மனசு சரியில்லை. கோபம் ஆறினதும், சரி, இந்த மனிதருக்கு வழிக்கவே தெரியவில்லை, குழாயடியில் நானே நின்று காட்டிவிடுகிறேன் என்று தோன்றியது. மறுநாள் ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு முதல் ரயிலில் வந்தேன். இத்தனை வருஷத்தில் நான் பின் கேட் பக்கம் போனது அதுதான் முதல் தடவை.

அங்கே ஒரு வரிசை. நரசிம்மலு ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துக் கன்னத்தில் கீழிருந்து மேலாகவும், பிறகு கழுத்திலும் ஒரு இழு இழுக்கிறார். பஞ்சு வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளே. ஒரு இழை ஒட்டினாலும் குழாயடிக்கு. குழாயடியில் அஞ்சாறு பேர். தண்ணீரைக் கொஞ்சம் தொட்டு, சோப்பு இல்லாமல், முடிக்கு எதிர்ப்பக்கமாக வறட் வறட்டென்று இழுத்துவிட்டு மறுபடி வந்து வரிசையில் நிற்கிறார்கள். சில பேர் மூன்றாவது தடவை. வீட்டில் ஒழுங்காக வழித்துக்கொண்டு வந்தவர்களும் இங்கே மறுபடி வழிக்கிறார்கள். குழாயில் புதுசாக ஒரு படிகாரக் கல். வரிசையில் நாலாவது ஆள் தேவராஜ் அண்ணா, கையில் பிளேடு.

கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தாலும் அவர் பெயர் இன்னும் ஆசிட் செக்ஷன் லிஸ்டில்தானே இருக்கிறது. அவரைக் கையைப் பிடித்து வரிசையை விட்டு வெளியே இழுத்தேன். பிறகு நரசிம்மலுவிடம் திரும்பி, யார் சொன்னது உங்களுக்கு இந்தப் பஞ்சு வேலை என்றேன். மனிதர் பயந்துபோனார். "சேஃப்டி சாரு, தாடி கீதான்னு பாத்து உடுன்னாரும்மா. விடிகாலைல எனக்கு கண்ணு சரியா தெரியல. கையால தடவுனா பசங்க கோச்சிக்கிறானுங்க. கண்ணு தெரியலன்னு சொன்னா வேலய உட்டு அனுப்பிடுவாங்க. அதான் பஞ்சு." அவர் மேஜை மேல் இருந்த ரோலைக் கையில் எடுத்தேன். காகித உறையில் என் கையெழுத்து, போன திங்கட்கிழமைத் தேதி. நான் அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு, சமாதானம் செய்வதாக நினைத்து அவர் சொன்னார்: "நல்ல பஞ்சும்மா நீங்க குடுக்கறது. ஒரு முடி இருந்தாலும் உடாம புடிச்சிக்கும்."

மறுபடியும் டெஸ்ட்

கார்த்திக் சாரிடம் அன்றைக்கு நான் எதையும் எழுத்தில் கொடுக்கவில்லை, கையோடு பின் கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மாஸ்க் ஒட்டுவதற்கு அன்றன்றைக்கு ஒரு தடவை முடி வளரும் பக்கமாக வழித்தாலே போதும், பஞ்சு வழுக்கிற அளவுக்கு யார் சார் கேட்டது என்றேன். யாருமே கேட்கவில்லை என்றார் அவர். பஞ்சு நின்றது. கல் குப்பைக்குப் போனது. நரசிம்மலு பகல் ஷிஃப்டுக்கு மாறினார், கண் டாக்டரிடமும் அனுப்பினேன். விடிகாலையில் வேறு ஆள் டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்து அனுப்புகிறார். என் சண்டையில் தேவராஜ் அண்ணாவுக்கு மறுபடி புதுசாகப் பத்து நாள் கிடைத்தது, அதுவரைக்கும் கேட்டில் ஆசிட் செக்ஷன் லிஸ்டிலிருந்து அவர் பெயரையும் எடுத்தார்கள்.

ஏழு நாள் அவர் பிளேடைத் தொடவில்லை. உப்பும் மிளகும் தூவின மாதிரி ஒரு தாடியோடு கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தார். கட்டிகள் வற்றின, உள்ளே வளைந்த முடிகள் தானாக வெளியே தலை நீட்டின. எட்டாம் நாளிலிருந்து வீட்டில் வெந்நீர் வைத்து, புது பிளேடில், ஒரே இழுப்பாக வழித்துக்கொண்டு வந்தார். பத்தாம் நாள் டெஸ்ட். தித்திப்பு அடித்தேன், இல்லை என்றார். கசப்பு பாட்டிலை அவர் கண் முன்னாலேயே மாட்டினேன். பத்து அழுத்து. கண் இமைகூட ஆடவில்லை. உறையைக் கழற்றின போது அவர் சிரித்தார். கார்த்திக் சார் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன், அழுகை வந்துவிட்டது.

கொஞ்சம் தேறினதும், மனசில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஏன் அண்ணா, தினமும் என் அறைக்கு வந்தீங்களே, நான் அந்தத் திட்டு திட்டினேனே, கேட்டில் இந்த மாதிரி நடக்குது என்று ஒரு வார்த்தை நீங்களோ இந்தப் பசங்களோ சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். அவர் மாஸ்க்கைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். என்னை வருத்தப்படுத்தாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பஞ்சு உங்க ரூமு பஞ்சு, ரோலு மேல உங்க கையெழுத்து. அத்த நீங்க போட்ட ரூலுன்னுதான் எல்லாரும் நெனச்சிக்கினு இருந்தோம். உங்க மேல இருக்குற கம்ப்ளெயின்ட்ட உங்க கிட்டயே வந்து எப்டி சிஸ்டர் சொல்றது?"

ஆக, ஒரு ஷிஃப்டு ஆம்பளைகளின் தாடையில் எந்த முடி எந்தத் திசையில் வளருகிறது என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருந்த நான், திங்கட்கிழமைதோறும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்த பஞ்சு எங்கே போகிறது என்று மட்டும் ஒரு தடவை எழுந்து போய்ப் பார்க்கவில்லை.